அக்கா கொடுத்த நற்சான்று

எங்கள் படுக்கையறை அலமாரியை என் அக்கா ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. ஒரு சோஷல் வேர்க்கர் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பிள்ளை இதில் ஏறினால் சரிந்து மேலே விழும், சுவரோடு சேர்த்துப் பூட்டிவிடுங்கள் என்று சொல்லித் தன் தாளில் குறித்துக்கொண்டார். பிள்ளை இன்னும் வரவில்லை. வருமோ என்பதும் தெரியாது. ஆனாலும் அன்று பின்னேரமே சுவரில் துளை போட்டு அலமாரியை இறுக்கினேன். தத்தெடுக்கக் கேட்டு எழுதிக்கொடுத்த நாளிலிருந்து நாங்கள் இப்படித்தான், வராத பிள்ளைக்குப் பயந்து நடக்கிறோம்.

பிள்ளை விஷயம் என்பதால் இதில் ஒருவர் பெயரையும் எழுதுவதாக இல்லை. நான் யாழ்ப்பாணத்தான். பதினேழு வயதில் ஜேர்மனிக்கு வந்து, அங்கே மின்சார வேலை படித்து, பிறகு லண்டனுக்கு மாறினேன். லண்டனின் தெற்கே மிச்சம் என்கிற இடத்தில் வீடு, வாசலில் ஒரு வெள்ளை வேன், நாள் முழுக்க யாராவது ஒருவர் வீட்டு மெயின் பெட்டிக்குள் தலை. என்னோடு வாழ்கிறவர் மலேசியத் தமிழர். படிக்க வந்தவர், எஞ்சினியராகி, தண்ணீர்க் கம்பனி ஒன்றில் நல்ல வேலையில் இருக்கிறார். சேர்ந்து வாழத் தொடங்கிப் பதின்மூன்று வருடம். பதிவுத் திருமணம் செய்து ஆறு வருடம். எங்கள் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்லாமல் ‘என்னவர்’ என்பார்கள் அல்லவா, நானும் அவரை இங்கே அப்படியே எழுதுகிறேன். அப்படியென்றால் பெண் நீயா என்று கேட்கிறவர்களுக்கு: இந்தக் கேள்விக்கு, தத்துக்கு அலைகிற இந்த நாலு வருடத்தில் போதுமான தடவை பதில் சொல்லிவிட்டேன், ஆளை விடுங்கள்.

நாலு வருடம். யானை இரண்டு குட்டி போட்டிருக்கும்.

ஏன் பிள்ளை வேண்டும் என்று முதல் படிவத்திலேயே ஒரு கேள்வி இருந்தது. நான் இரண்டு பக்கம் எழுதினேன். ஜேர்மனியில் அகதி விடுதியில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுத்தது, அங்கே ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் என் கட்டிலில் ஏறிக் குதித்தது, யாருமே இல்லாத அந்த வயதில் அந்தச் சத்தம்தான் எனக்குச் சோறு போட்டது என்றெல்லாம் எழுதினேன். என்னவர் ஒரு வரி எழுதினார். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது என்று. அதைப் படித்த பிறகு என் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை, மினக்கெட்டு எழுதியது.

முதலில் போன இடம் ஒரு தனியார் தத்து நிறுவனம். சிரித்த முகங்கள், நல்ல பிஸ்கட். எட்டு மாதம் எங்களை இருத்தி வைத்துவிட்டு, உங்கள் பின்னணிக்குப் பொருத்தமான பிள்ளைகள் இப்போது எங்களிடம் இல்லை என்று கடிதம் போட்டார்கள். எந்தப் பின்னணி என்று கேட்டு எழுதினேன். தமிழன் என்பதா, ஆணும் ஆணும் என்பதா, இல்லை நான் போட்டுக்கொண்டு போன சப்பாத்தா? பதிலில் எங்கள் ஆர்வத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். முகத்துக்கு நேரே வைகிறவனோடு சண்டை போடலாம். நன்றி சொல்கிறவனை என்ன செய்வது?

பிறகுதான் உள்ளூராட்சிக் கவுன்சில் பக்கம் போனோம். அங்கே எங்களுக்கு வாய்த்த சோஷல் வேர்க்கர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனுஷி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் முதல் வருகையிலேயே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. சுவரில் உள்ள பிளக் துளைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி வாங்கிப் போடச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் நிற்கிறேன். இந்த நாட்டுச் சொக்கெட்டுக்கு உள்ளேயே ஷட்டர் இருக்கிறது, பிள்ளை விரலை விட்டாலும் கரண்ட் வராது. அந்த மூடியைத்தான் பிள்ளை பிடுங்கி, திருப்பிச் செருகி, ஷட்டரைத் திறந்துவிடும் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

அவர் போன பிறகு, "அவங்க ப்ளக்கயா பார்க்க வந்தாங்க? உன்னையத்தான் பார்க்க வந்தாங்க. கோவம் வருதா, எப்படி வருதுன்னு பார்க்கறாங்க. கொஞ்சம் வாய மூடிட்டு இரு லா" என்றார்.

மூடி வாங்கிப் போட்டேன். பதினான்கு மூடி. என் தொழிலுக்கு நானே செய்த துரோகம் அது.

அதன் பிறகு எட்டுத் தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மணித்தியாலம். உங்கள் அப்பா எப்படிப்பட்டவர், அடித்தாரா, கட்டிப்பிடித்தாரா? உங்கள் முதல் காதல் யார்? நீங்கள் இரண்டு பேரும் எதற்குச் சண்டை பிடிப்பீர்கள், யார் முதலில் பேசுவீர்கள்? எங்களைப் போன்றவர்களிடம் மட்டும் இதைக் கேட்பதில்லை, தத்தெடுக்க வருகிற எல்லோரிடமும் கேட்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் வாழ்நாளில் பாதியை எதையும் சொல்லாமலே ஓட்டிப் பழகிய ஒருவனுக்கு இது பல்லுப் பிடுங்குகிற மாதிரிதான். எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னோடு பேசாமலே செத்துப்போனதைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு வருடம் கவுன்சிலிங் போனதைச் சொன்னேன். நீரிழிவுக்கு, எங்கள் பேச்சில் சீனி வருத்தத்துக்கு, மாத்திரை எடுப்பதைச் சொன்னேன். ஒரு தடவை கோபத்தில் சோற்றுக் கோப்பையைச் சுவரில் எறிந்ததையும், அதை நானே கூட்டி அள்ளியதையும்கூடச் சொன்னேன். உண்மையைச் சொன்னால் போதும், குறை இல்லாத ஆளை நாங்கள் தேடவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

அடுத்தது, எங்களைப் பற்றிச் சொல்ல மூன்று பேர் வேண்டும் என்றார்கள். அதில் ஒருவராவது குடும்பத்து ஆளாக இருந்தால் நல்லது. அந்த மூன்று பேரையும் சோஷல் வேர்க்கரே நேரில் போய்ப் பார்த்துப் பேசுவார்.

ஜேர்மனியில் என்னோடு ஒரே அறையில் படுத்த நண்பன் ஒருவன் இப்போது இங்கேதான் கடை வைத்திருக்கிறான். அவனிடம்தான் முதலில் கேட்டேன். கடைக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை மச்சான். நீ எப்பிடி இருந்தாலும் என்ர சிநேகிதன். ஆனா மனிசி ஒரு மாதிரி. பிள்ளையும் வளருது. என்ர பேர் ஒரு இடத்திலயும் வேண்டாமே" என்றான். பிறகு ஒரு பை நிறைய மாம்பழம் தூக்கித் தந்தான். அந்த மாம்பழத்தை நான் தின்னவில்லை என்று எழுத ஆசைதான். தின்றேன், நல்ல பழம். ஆனால் அந்தக் கடைக்கு அதற்குப் பிறகு போகவில்லை.

கடைசியில் பக்கத்து வீட்டுப் போலந்துக்காரப் பெண் ஒருவர், என்னவரோடு கந்தோரில் வேலை செய்கிற நண்பர் ஒருவர் என்று இரண்டு பேர் கிடைத்தார்கள். என்னவரின் குடும்பம் மலேசியாவில்; அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாதது போல அம்மா நடந்துகொள்வார், அப்பா தனக்குத் தெரியாதது போல நடந்துகொள்வார். அவர்களிடம் கேட்க முடியாது. மிஞ்சியது என் அக்கா.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். குட்மேய்ஸில் இருக்கிறாள், எங்களிடமிருந்து வேனில் போனால் ஒன்றரை மணித்தியாலம், லண்டனின் மற்றத் தொங்கல். அத்தான் களஞ்சியம் ஒன்றில் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள், மூத்தவள் இப்போது பல்கலைக்கழகத்தில். பதினொரு வருடத்துக்கு முன் என்னைப் பற்றி நான் அக்காவிடம் சொன்னபோது மூன்று மாதம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் போன் எடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வருடத்தில் ஒரு தடவை வருவாள். வந்தால் கோட்டைக் கழற்றாமலே இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். என்னவரை ‘அந்தத் தம்பி’ என்பாள்.

அவளிடம் கேட்டபோது யோசிக்காமல் ஓம் என்றாள். நான் ஆடிப்போனேன். அன்றிரவு என்னவரிடம், பார்த்தாயா என் அக்காவை என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். "தமிழ் ஆள் வந்தா அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில கதை நிக்கும். பெட்டைக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேணும். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில நான் சமாளிப்பன்" என்றாள். சரி என்றேன். வெள்ளைக்காரப் பெண்மணி வருகிறார் என்று அவள் வாழைக்காய்ப் பொரியல், ரோல்ஸ், கேசரி என்று சமைத்து வைத்தது பிறகுதான் எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் அப்போதே விளங்கியிருக்கும்.

எங்கள் ஆட்களின் வீட்டுக்கு ஒரு அந்நியர் வந்து, இந்த ஆளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் அது என்ன? கலியாண விசாரணை. மாப்பிள்ளை குடிக்கிறவரா, பெட்டைக்கு வருத்தம் கிருத்தம் உண்டா என்று அக்கம்பக்கத்தில் போய்க் கேட்பது எங்களுக்குள் இன்றைக்கும் இருக்கிறது. ஊரில் மட்டுமல்ல, லண்டன் ஈஸ்ட்ஹாமிலும் இருக்கிறது. அப்படிக் கேட்டு வருகிறவரிடம் குறை சொல்லக் கூடாது. சொன்னால் கலியாணங்குழப்பி என்று பெயர் வரும், அதைவிடக் கெட்ட பெயர் எங்களிடம் இல்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்றுதானே சொல்லி வளர்த்தார்கள். அக்கா ஆயிரம் சொல்லவில்லை. ஏழெட்டுத்தான் சொன்னாள்.

அடுத்த கிழமை சோஷல் வேர்க்கர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக வாங்கிக் குடிக்கிற தேத்தண்ணியை வேண்டாம் என்றார். அக்கா சொன்ன எல்லாவற்றையும் தன்னால் சொல்ல முடியாது, ஆனால் சில விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும் என்றார்.

உங்களுக்கு எந்த வியாதியும் இல்லையாமே? வாழ்நாளில் ஒரு தடவைகூட மனம் சோர்ந்ததில்லையாமே? நீங்களும் உங்கள் அப்பாவும் கடைசிவரை நண்பர்களைப் போல இருந்தீர்களாமே? நீங்கள் இருவரும் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லையாமே? குடும்பம் முழுவதும், கோயிலில் உள்ளவர்கள் உட்பட, உங்கள் திருமணத்தைக் கொண்டாடினார்களாமே?

கோயிலில் உள்ளவர்கள்! எங்கள் பதிவுத் திருமணத்துக்கு வந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். அக்கா அதில் இல்லை.

கடைசியாக அவர், "உங்கள் அக்காவின் பிள்ளைகள் சின்ன வயதில் சனிக்கிழமைகளில் உங்களோடு தங்குவார்களாமே, எந்த அறையில் படுப்பார்கள்?" என்று கேட்டார்.

நான் யோசிக்கத் தொடங்கினேன். எனக்கு முன்னால் என்னவர், "அவங்க இங்க தங்கினதே இல்ல" என்று தமிழில் என்னிடம் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் அவரிடம் சொன்னார். உண்மைதான். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு ரியூஷன், காய்ச்சல், பரதநாட்டிய வகுப்பு, ஏதாவது ஒன்று இருக்கும். அத்தானுக்கு விருப்பமில்லை என்று நான் எனக்குள்ளேயே முடிவு கட்டி வைத்திருந்தேன். அதைச் சோஷல் வேர்க்கரிடமும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் எழுதினார். பிறகு, நீங்கள் சொன்ன ஆளும் உங்கள் அக்கா சொன்ன ஆளும் ஒரே ஆள் இல்லை, இதை வைத்துக்கொண்டு நான் பனலுக்குப் போக முடியாது என்றார். பனல் என்பது எங்களுக்குப் பிள்ளை கொடுக்கலாமா என்று முடிவு சொல்கிற குழு. அடுத்த மாதம் எங்களுக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாளை எடுத்துவிட்டார்கள். அக்காவை மறுபடியும் பார்க்க வேண்டும், இந்தத் தடவை மொழிபெயர்ப்பாளரோடு. அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால் எங்கள் விண்ணப்பத்தை அதோடு மூடவேண்டி வரலாம் என்றார். குரலில் கோபமே இல்லை. அவருக்கும் களைப்பாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு என்னவர் மாடிப்படியில் இருந்துவிட்டார். "நிறுத்திக்கலாமா?" என்று கேட்டார். "நெசமாத்தான் கேக்கறேன். எனக்கு முடியல. யாராவது ஒருத்தர் முன்னாடி நல்லவனா நடிச்சு நடிச்சு, எனக்கு நான் யாருன்னே மறந்துபோச்சு."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சண்டை பிடிக்கவில்லை, அது மட்டும் தெரியும். சண்டைக்கும் தெம்பு வேண்டும். பிள்ளைக்கென்று ஒதுக்கிய அறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் போனோம்.

சனிக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு குட்மேய்ஸுக்குப் போனேன். ஆற்றுக்குக் கீழே போகிற பிளாக்வோல் சுரங்கச் சாலைக்கு முன்னால் நெரிசலில் நாற்பது நிமிடம் நின்றேன். அந்த நாற்பது நிமிடமும் அக்காவைத் திட்டப் பழகினேன். அவள் கதவைத் திறந்ததும் பழகியதெல்லாம் மறந்துவிட்டது.

"என்னக்கா செய்து வைச்சிருக்கிறாய்? ஏன் பொய் சொன்னனீ?"

"எது பொய்?"

"எனக்குச் சீனி வருத்தம் இல்லையோ? டொக்டரிட்ட இருந்து கடிதம் அவவிட்ட இருக்கு அக்கா!"

"பின்ன, என்ர வாயால உன்னை வருத்தக்காரன் எண்டு சொல்லச் சொல்றியோ? ஆராவது பிள்ளை குடுப்பினமோ? நான் உன்னைக் குறை சொல்லி, அதால உனக்குக் கிடைக்காமப் போனா, அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

அவள் அழத் தொடங்கிவிட்டாள். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே முறையில் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். எனக்குக் கோபமும் தணியவில்லை, திட்டவும் வாய் வரவில்லை. முன் அறையில் அத்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சத்தம் கேட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை நிறுத்திவிட்டு, நாங்கள் நின்ற அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"தம்பி, குறை நினையாதையும். உங்களுக்கு என்னத்துக்கு இந்தக் கரைச்சல்? ரெண்டு பேரும் உழைக்கிறியள். ஊர் உலகம் சுத்திப் பாக்கலாம். பிள்ளை எண்டா அதுக்கு ஒரு தாய் வேணும். நாளைக்கு அது பள்ளிக்கூடத்தில என்னெண்டு சொல்லும்?"

"அதுக்கு இப்ப தாயுமில்லை தகப்பனுமில்லை அத்தான். எங்களட்ட வந்தா ரெண்டு தகப்பனாவது இருக்கும்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இதே பதிலை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தோன்றியது போலச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காவிடம் கடைசியாக ஒன்றுதான் கேட்டேன். மொழிபெயர்ப்பாளரோடு அவர் இன்னொரு தரம் வருவார். வரவிடு. கேட்கிறதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு. எனக்குக் கெடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

"தமிழ் ஆள் முன்னாலயோ?"

"ஓம்."

"உள்ளதைச் சொல்லட்டோ? எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

அவள் எனக்குக் கொண்டுபோகச் சோறு கட்டத் தொடங்கினாள். சொல்லுவாளா மாட்டாளா என்று தெரியாமலே அந்தச் சோற்றோடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஓடியது. சோஷல் வேர்க்கருக்கு லீவு, பிறகு மொழிபெயர்ப்பாளருக்கு நேரமில்லை, பிறகு அக்காவுக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்றதும், பிள்ளைகளை அனுப்பாததற்கு அவள் சொன்ன பழைய காய்ச்சல்கள் நினைவுக்கு வந்தன. என்னவர் வேலைக்குப் போவார், வருவார், சமைப்பார். பிள்ளை என்ற சொல்லை இரண்டு பேரும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. சூப்பர்மார்க்கெட்டில் சிறு பிள்ளைகளின் உடுப்பு வரிசை வந்தால் நான் முன்னால் நடப்பேன், அவர் போனைப் பார்ப்பார். பிள்ளை இல்லாமல் வாழலாம், எத்தனையோ பேர் வாழ்கிறார்கள். எங்களால் முடியாமல் இருந்தது இந்தக் காத்திருப்புத்தான். அடுப்பில் வைத்த உலையை இறக்கவும் முடியாமல், அரிசி போடவும் முடியாமல் இருப்பது மாதிரி.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம், வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டில் மெயின் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் முழுக்க நிறுத்தியிருந்தது. போனில் சோஷல் வேர்க்கரின் செய்தி வந்தது. இன்று உங்கள் அக்காவை மொழிபெயர்ப்பாளரோடு சந்தித்தேன், இரண்டரை மணித்தியாலம் பேசினோம், அவர் சொன்னதை உங்களிடம் சொல்ல முடியாது, ஆனால் அடுத்த மாதப் பனலுக்கு உங்கள் பெயரைத் திரும்பக் கொடுக்கிறேன் என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். ஏணிப்படியில் அப்படியே இருந்துவிட்டேன். என்னவருக்கு அதை அனுப்பினேன். அவர் ஒரு நிமிடம் கழித்து, கந்தோர்க் கழிவறையில் நின்று அழுகிறேன் என்று மட்டும் எழுதினார்.

அதற்குப் பிறகுதான் அக்காவின் அழைப்பு வந்தது. நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். விடவில்லை.

"பொறு, நான் சொல்லி முடிக்கிறன். பிறகு எனக்குச் சொல்ல வராது. எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். உன்ர சீனி வருத்தம், அப்பான்ர கதை, எல்லாம். அந்த மொழிபெயர்க்க வந்த பிள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டே இருந்தது. இருக்கட்டும். பிள்ளையள் உன்ர வீட்டில நிண்டதோ எண்டு கேட்டவ. ஒரு நாளும் நிக்கேல்லை எண்டு சொன்னன். ஏன் எண்டு கேட்டவ."

கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தேன்.

"அத்தான் விடேல்லை எண்டு நீ சொல்லியிருப்பாய் போல. அத்தான் ஒரு நாளும் வேண்டாமெண்டு சொன்னவரில்லை. நான்தான். நான்தான் விடேல்லை. ரியூஷன், காய்ச்சல் எல்லாம் நான் சொன்ன பொய். பயந்தனான். உன்னட்ட விட்டா என்ர பிள்ளையளுக்கு ஏதும் ஆகும் எண்டு பயந்தனான். என்ர தம்பியை, நான் தூக்கி வளர்த்த தம்பியை. அதை அந்தப் பிள்ளைக்கு முன்னால தமிழில சொன்னன். சொல்லேக்கதான் எனக்கே கேட்டது."

மின்சாரம் இல்லாத வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது, குளிர்சாதனப் பெட்டிகூட உறுமாது. அவள் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது. அக்காவின் மூத்தவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை முதலில் தூக்கியவன் நான். அந்தக் குழந்தைக்கு நான் ஆபத்து என்று பதினொரு வருடமாக ஒருத்தி நினைத்திருக்கிறாள், அது என் அக்கா. அந்த உண்மையைத்தான் சோஷல் வேர்க்கர் எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அந்த உண்மையில்தான் எங்களுக்கு நாள் கிடைத்திருக்கிறது. நான் சொன்ன ஆளும் அவள் சொன்ன ஆளும் இப்போது ஒரே ஆள்.

"லைனில நிக்கிறியோ?" என்றாள்.

"நிக்கிறன்."

"என்ர பிள்ளையளை நான் உன்னட்ட விடேல்லை. உன்ர பிள்ளையை நீ என்னட்ட விடுவியோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். கலியாண வீட்டுப் பொய் மாதிரி ஒரு பொய், அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். உள்ளதைச் சொல்லு என்று அவளிடம் கேட்டவன் நான்.

"தெரியேல்லை அக்கா."

வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"சரி" என்றாள். "அப்ப நான் வந்து உங்கட வீட்டில ரெண்டு நாள் நிக்கிறன். என்னைப் பாருங்கோ. அந்தத் தம்பியும் பாக்கட்டும். பாத்திட்டுச் சொல்லுங்கோ."

எந்தச் சனிக்கிழமை வருகிறாய் என்று கேட்டேன்.